நிலம் அறக்கட்டளைக்கு, அடமானம் யாருக்கு? – நியூ கம்யூனிட்டீஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

1985-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், லீ கவுண்டியில் ஒரு பண்ணை கடனுக்காகக் கைமாறியது. அந்த வருடங்களில் அமெரிக்க விவசாயிகள் கடனில் நிலத்தை இழப்பது அன்றாடச் செய்திதான். ஆனால் இந்தப் பண்ணையின் பத்திரத்தில் எந்தத் தனிமனிதர் பெயரும் இருக்கவில்லை. நியூ கம்யூனிட்டீஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு, இனி ஒருவரும் விற்க முடியாத நிலமாக இருக்கட்டும் என்று வாங்கிப் போட்ட நிலம் அது. அமெரிக்காவின் முதல் சமூக நில அறக்கட்டளை (நிலத்தை ஊர்ப் பொதுவில் தானே வைத்துக்கொண்டு, குத்தகைக்கு மட்டும் விடும் அமைப்பு) என்று இன்றைக்கும் எல்லோரும் சுட்டுவது இதைத்தான். 1970-இல் கைக்கு வந்தபோது பரப்பு 5,735 ஏக்கர், கிட்டத்தட்ட 9 சதுர மைல். அந்த நாட்டில் கறுப்பின மக்கள் வசம் ஒரே துண்டாக இருந்த நிலங்களில் அதுதான் ஆகப் பெரியது.

விற்க முடியாத நிலம் எப்படிப் பறிபோனது? பத்திரம் அறக்கட்டளை பெயரில் இருந்தது. ஆனால் அதே நிலத்தின் மேல் அடமானமும் இருந்தது. இரண்டும் மோதும்போது அடமானம்தான் ஜெயிக்கும். கிராமத்தில் நில அறக்கட்டளை தொடங்க நினைப்பவர்கள் நோக்க அறிக்கை எழுதும் முன் இதைத்தான் யோசிக்க வேண்டும். பின்னால் வந்த நில அறக்கட்டளைகளின் குத்தகைப் பத்திரங்களில் உள்ள கண்டிப்பான ஷரத்துகள் பலவும் இந்த ஒரு முடிச்சை அவிழ்க்க எழுதியவையாகவே படுகின்றன.

கிராமதானத்திலிருந்து ஆல்பனிக்கு

தென்மேற்கு ஜார்ஜியாவின் ஆல்பனி நகரைச் சுற்றி 1961-62-இல் கறுப்பின மக்களின் குடிசார் உரிமைப் போராட்டம் மூண்டது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்த கறுப்பின வாரக் குடியானவர்களை நிலக்கிழார்கள் வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். வீடும் கிழார் நிலத்தில், வேலையும் கிழார் நிலத்தில் என்பதால் ஒரு ஓட்டுக்கு இரண்டும் போயின. அந்த வட்டாரத்துப் போராளிகளான சார்லஸ் ஷெராட், அவர் மனைவி ஷெர்லி ஷெராட், ஸ்லேட்டர் கிங் ஆகியோர் சொந்த நிலம் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது இந்த அனுபவத்தில்தான்.

சொந்த நிலம் என்றால் ஆளுக்குப் பத்து ஏக்கர் பிரித்துக் கொடுப்பதா, எல்லோருக்கும் பொதுவாக வைப்பதா என்ற கேள்விக்குப் பதிலைக் கொண்டுவந்தவர் அமெரிக்க சமாதான ஆர்வலர் பாப் ஸ்வான். அவரும் நிலச் சீர்திருத்தச் சிந்தனையாளர் ரால்ஃப் போர்சோடியும் வினோபாவின் கிராமதானத்தைக் கூர்ந்து கவனித்து வந்தவர்கள். 1951 ஏப்ரல் 18-இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வெதிரே ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தருவதாகச் சொன்னதில் தொடங்கிய பூதானம், ஓரிரு வருடத்தில் கிராமதானமாக வளர்ந்தது. தானமாக வந்த துண்டு நிலங்கள் வாங்கியவர் கையில் நிலைக்கவில்லை. உழ மாடு இல்லை, விதைக்குக் காசு இல்லை, கொஞ்ச நாளில் வட்டிக்காரரிடம் போய்விடும். ஆகவே உரிமை கிராம சபைக்கு, உழும் உரிமை குடும்பத்துக்கு என்று மாற்றினார்கள். 1960-களில் வந்த எளிமைப்படுத்திய கிராமதானத்தில் நிலம் உள்ளவர்களில் 75 சதவீதம் பேரும், ஊர் நிலத்தில் 51 சதவீதமும் சேர்ந்தால் போதும். நிலத்தில் இருபதில் ஒரு பங்கு நிலமற்றவர்களுக்கு, விளைச்சலில் நாற்பதில் ஒரு பங்கு கிராம நிதிக்கு.

அங்கே வேறொரு சிக்கல் முளைத்தது. நிலம் கிராம சபையுடையது என்றால் அதை அடகு வைக்க முடியாது. அடகு வைக்க முடியாத நிலத்தை நம்பி எந்த வங்கியும் கிணறு வெட்டவோ மோட்டார் வாங்கவோ கடன் தராது. நிலம் பத்திரமாக இருக்கும், தரிசாகவும் இருக்கும். தமிழ்நாட்டில் பூதான நிலங்களைத் திருத்தி விளைவிக்க அசேஃபா அமைப்பு 1960-களின் கடைசியில் தோன்றியதற்கு இதே காரணம்தான்: நிலம் வந்துவிட்டது, முதலீடு வரவில்லை. பின்னாளில் கீழத்தஞ்சையில் சர்வோதயத் தம்பதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் 1981-இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு வேறு வழியில் போனது. நிலத்தைப் பேரம் பேசி வாங்கி, குடும்பத்துப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தார்கள். பொது உரிமையா தனிப் பட்டாவா என்ற வாதத்தில் அவர்கள் பட்டாவின் பக்கம் நின்றார்கள். கடன் சந்தையைப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது.

1968-இல் ஸ்லேட்டர் கிங், சார்லஸ் ஷெராட், ஸ்வான் உள்ளிட்ட எட்டுப் பேர் இஸ்ரேல் போனார்கள். யூத தேசிய நிதியம் நிலத்தைத் தானே வைத்துக்கொண்டு 49 வருடக் குத்தகைக்கு விடும் முறையையும், மோஷாவ் கூட்டுறவுக் கிராமங்களையும் பார்க்க. (அந்த நிலங்களின் முந்தைய பாலஸ்தீனக் குடிகளை நினைத்தால், வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள் பாடம் கற்கப் போன இடம் கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது.) கிராமதானத்தில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது: எழுத்தில் உள்ள, நீண்ட, வாரிசுக்கும் போகிற குத்தகைப் பத்திரம்.

பத்து லட்சம் டாலர் கடன்

நியூ கம்யூனிட்டீஸ் 1969-இல் பதிவானது. அந்த வருட மார்ச்சில் ஸ்லேட்டர் கிங் கார் விபத்தில் இறந்தார். நிலம், வங்கி, தரகு விஷயங்கள் தெரிந்த ஆள் அவர்தான். நிலத்தின் விலை பத்து லட்சம் டாலருக்குச் சற்று மேல். வறுமை ஒழிப்புக்கான மத்திய அலுவலகம் திட்டம் தீட்ட ஒரு லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவாக ஒரு மானியம் கொடுத்தது. அந்தப் பணத்தில் வீடுகள், பள்ளி, மருத்துவ வசதி எல்லாம் வரைபடத்தில் வந்தன. அடுத்த மானியம் வந்தால் கட்டலாம். அதற்கு மாநில ஆளுநர் (நம்மூர் முதலமைச்சர் இடத்தில் இருப்பவர்) மறுப்பு சொல்லாமல் இருக்க வேண்டும். அப்போதைய ஆளுநர் லெஸ்டர் மேடக்ஸ் இனப் பிரிவினைக்குப் பேர்போனவர். பணம் வரவில்லை. திட்டமிட்ட குடியிருப்பும் எழவில்லை. நிலத்தில் ஏற்கெனவே இருந்த பழைய வீடுகளில் சில குடும்பங்கள் குடியேறியதோடு சரி.

வீட்டுக்கும் சேர்த்து வாங்கிய நிலத்தின் தவணையை விவசாயம் மட்டும் கட்ட வேண்டிய நிலைமை. ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். 10 லட்சம் டாலர், 8 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் ஆண்டுத் தவணை சுமார் 1,02,000 டாலர். காடு, சதுப்பு, பாதை போக 2,000 ஏக்கர் சாகுபடிக்கு வருகிறது என்று வைத்தால், விதை வாங்கும் முன்பே ஏக்கருக்கு 51 டாலர் நிலத்துக்குப் போய்விடும். நிலத்தை மானியத்தில் வாங்கியிருந்தால் அந்தப் பணம் கிணற்றுக்கும் பாசனக் குழாய்க்கும் போயிருக்கும். நல்ல வருடத்தில் இந்தச் சுமை தெரியாது, வறட்சி வந்தால்தான் தெரியும்.

பண்ணை சும்மா கிடக்கவில்லை. மக்காச்சோளம், வேர்க்கடலை, சோயா, தர்பூசணி, திராட்சை, கரும்பு எல்லாம் விளைந்தன. பன்றி வளர்த்து, புகையிட்டுப் பதப்படுத்தி, கருப்பஞ்சாற்றுப் பாகோடு 19-ஆம் எண் நெடுஞ்சாலையோரக் கடையில் விற்றார்கள். இந்தக் கடைதான் அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம் என்பது எங்கள் கருத்து. வேர்க்கடலையும் சோயாவும் அறுவடை முடிந்தால்தான் காசு, அதுவும் கொள்முதல்காரர் சொன்ன விலைக்கு. கடையிலோ தினமும் காசு புரளும். ஆனால் தவணையின் அளவுக்கு முன்னால் அது சிறுவாடுதான். ஆயிரம் ஏக்கருக்கு மேல் விற்றுக் கடனைக் குறைத்தும் மூச்சு விட முடியவில்லை.

1970-களின் பிற்பகுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் வறட்சி. அங்குள்ள மண் மணல் கலந்தது, ஈரம் நிற்காது. வேர்க்கடலை காய் பிடிக்கும் நேரத்தில் இரண்டு வாரம் மழை தவறினாலே விளைச்சல் விழும். பாசனம் போட்டே ஆக வேண்டும். விவசாயிகளுக்கான மத்திய அரசுக் கடன் அலுவலகத்தை நாடினார்கள். அக்கம்பக்கத்து வெள்ளையர் பண்ணைகளுக்குப் பாசனக் கடன் கிடைத்தது, இவர்களுக்கு மறுப்பு. வறட்சிக்கான அவசரக் கடன் கைக்கு வர மூன்று வருடம் ஆனது. விவசாயக் கடனில் தாமதம் என்றாலே மறுப்புதான். தென் ஜார்ஜியாவில் வேர்க்கடலை விதைப்பது ஏப்ரல் கடைசி முதல் மே நடுப்பகுதி வரை. பணம் ஜூலையில் வந்தால் பட்டம் தப்பிவிடும், வட்டி மட்டும் ஓடும். வந்த அவசரக் கடனும் நிலத்தின் மேலேயே ஏறியது. 1985-இல் எல்லாம் முடிந்தது.

இனப் பாகுபாடு நிஜம் என்பது பின்னால் சட்டப்படியே நிலைநாட்டப்பட்டது. கறுப்பின விவசாயிகள் வேளாண் துறை மேல் தொடுத்த பிக்ஃபோர்டு வழக்கில் 1999-இல் சமரச ஆணை வந்தது. நியூ கம்யூனிட்டீஸின் கோரிக்கை முதலில் தள்ளுபடியாகி, மறு ஆய்வுக்குப் பின் 2009-இல் வென்றது. நில இழப்புக்கு 82,47,560 டாலர், வருமான இழப்புக்கு 42,41,602 டாலர், மன உளைச்சலுக்கு ஷெராட் தம்பதிக்கு ஆளுக்கு 1,50,000. தீர்ப்பு நீதி வழங்கியது, நிலம் திரும்பவில்லை. கடன் கொடுப்பவர் யோக்கியராக இருந்திருந்தால் இந்த அமைப்பு தப்பித்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கடன் கொடுப்பவரின் யோக்கியத்தை நம்பி நூறு வருட அறக்கட்டளை நடத்த முடியாது.

அடிமனை ஒருவருடையது, வீடு ஒருவருடையது

ஸ்ரீரங்கத்திலோ மயிலாப்பூரிலோ கோயில் நிலத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம். அடிமனை கோயிலுக்கு, மேலே உள்ள கட்டடம் குடியிருப்பவருக்கு, அடிமனை வாடகை மாதாமாதம். சமூக நில அறக்கட்டளையின் வீட்டுத் திட்டமும் இதுவே. வித்தியாசம் பத்திரத்தில் இருக்கிறது. நம்மூர் அடிமனைக்காரர் பலரிடம் பழைய ரசீதுதான் இருக்கும், அதை வைத்து எந்த வங்கி வீட்டுக் கடன் தரும்? அறக்கட்டளை கொடுப்பது 99 வருடப் பதிவுக் குத்தகை, புதுப்பிக்கலாம், வாரிசுக்குப் போகும். இந்தக் குத்தகை உரிமையையும் வீட்டையும் சேர்த்து அடகு வைக்கலாம். அடிமனையை வைக்க முடியாது. கிராமதானத்தில் கடன் கிடைக்கவில்லை, நியூ கம்யூனிட்டீஸில் கடன் நிலத்தை விழுங்கியது. இந்தப் பிரிப்பு இரண்டுக்கும் நடுவே போகிற வழி.

இதில் நிர்வாகக் குழு மூன்றில் ஒரு பங்கு குத்தகைதாரர்கள், ஒரு பங்கு சுற்றுவட்டார மக்கள், ஒரு பங்கு பொது நலன் பார்க்கும் வெளியாட்கள் என்று அமைவது வழக்கம். அடிமனை வாடகை பெரும்பாலும் மாதம் சில பத்து டாலர்தான்.

கடன் ஷரத்துகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வீட்டுக்காரர் தவணை தவறினால் வங்கி அவருக்கு அனுப்பும் அறிவிப்பின் நகல் அறக்கட்டளைக்கும் வர வேண்டும். குறித்த நாட்களுக்குள் அறக்கட்டளை பாக்கியைக் கட்டிக் காப்பாற்றலாம். அதுவும் முடியாமல் வீடு வங்கி கைக்குப் போனால், வெளியாருக்கு விற்கும் முன் அறக்கட்டளைக்கே வாங்கும் முதல் உரிமை. அப்போதும் வாங்க முடியாவிட்டால், வீட்டை மலிவாகவே விற்க வேண்டும் என்ற விலைக் கட்டுப்பாடு நீங்கிவிடும், ஆனால் அடிமனை அறக்கட்டளையிடமே நிற்கும், புதியவரிடம் சந்தை அளவுக்கு வாடகை கேட்கலாம். ஆக, மோசமான முடிவிலும் வீடு போகும், நிலம் போகாது. 2008-க்குப் பிந்தைய வீட்டுக் கடன் சரிவில் இந்த ஏற்பாடு நன்றாகவே தாங்கியது. 2010 இறுதியில் அமெரிக்காவில் மொத்த வீட்டுக் கடன்களில் 4.63 சதவீதம் பறிமுதல் நடவடிக்கையில் இருந்தபோது, நில அறக்கட்டளை வீடுகளில் அது 0.46 சதவீதம்தான்.

இதெல்லாம் நடக்க அறக்கட்டளையிடம் கையிருப்பு வேண்டும். காப்பாற்றும் உரிமை காகிதத்தில் இருந்து வங்கிக் கணக்கில் ஒன்றும் இல்லாவிட்டால் பயனில்லை. ஒரு வீட்டின் நான்கு மாதத் தவணையும் வழக்கறிஞர் கட்டணமும் கட்டும் அளவு பணம் எப்போதும் தனியே இருக்க வேண்டும். புது அறக்கட்டளைகள் எல்லாக் காசையும் முதல் கட்டடத்தில் கொட்டிவிட்டு இதைத்தான் மறக்கின்றன.

மறுவிற்பனை விலைக்கு அதிகம் புழங்கும் சூத்திரம் 25 சதவீதம். குத்தகை உரிமையோடு வீட்டின் மதிப்பு 2,00,000 டாலர் என்று வையுங்கள். மானியத்தால் வாங்குபவர் கொடுப்பது 1,50,000. பத்து வருடம் கழித்து மதிப்பு 2,80,000 ஆகிறது. ஏற்றம் 80,000, அதில் கால் பங்கு 20,000. விற்க வேண்டிய விலை 1,70,000. விற்பவர் கட்டி முடித்த அசலும் இந்த 20,000-மும் அவருக்கு. அடுத்த குடும்பத்துக்குச் சந்தையைவிட 1,10,000 டாலர் மலிவு, அதுவும் புது மானியம் இல்லாமல்.

இந்தக் கணக்கு தவறுகிற இடம் மதிப்பீடு. விற்கும்போது ‘குத்தகை உரிமையுடன் வீடு’ என்று மதிப்பிட்டுவிட்டு, திரும்ப விற்கும்போது வேறொரு மதிப்பீட்டாளர் ‘நிலத்தோடு வீடு’ என்று மதிப்பிட்டால் ஏற்றம் பொய்யாகப் பெருகிவிடும். தலைகீழாக நடந்தால் ஏற்றமே இல்லாமல் கழித்தலில் வரும், விற்பவர் சண்டைக்கு வருவார். எந்த வகை மதிப்பீடு என்பதைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதி, முதல் மதிப்பீட்டு அறிக்கையை இணைப்பாகச் சேர்த்துவிடுவது நல்லது. சொத்து வரியும் இப்படித்தான். விலைக் கட்டுப்பாட்டைக் கணக்கில் எடுக்காமல் சந்தை விலைக்கு வரி போட்டால் மலிவு வீட்டுக்காரர் வரியில் மூழ்குவார். வரி மதிப்பீட்டு அலுவலரிடம் குத்தகைப் பத்திரத்தோடு போய்ப் பேச வேண்டியது முதல் வருடமே.

லோபஸ் தீவு: நியூ கம்யூனிட்டீஸ் கட்டாத வீடுகள்

வாஷிங்டன் மாநிலத்தின் லோபஸ் தீவுக்குப் பெரும்பாலும் படகில்தான் போக வேண்டும். கோடை வீடு வாங்க வந்த பணக்காரர்களால் 1980-களின் கடைசியில் நில விலை எகிறி, அங்கேயே வேலை செய்பவர்கள் குடியிருக்க முடியாமல் போனது. 1989-இல் அங்கே ஒரு சமூக நில அறக்கட்டளை தொடங்கினார்கள். முதல் குடியிருப்பு மார்கன்டவுன், 7 வீடு. 2009-இல் முடிந்த காமன் கிரவுண்டில் 11 வீடு.

இங்கே தனித்தனிப் பத்திரம் கிடையாது. அறக்கட்டளை நிலத்தை ஒரு வீட்டுக் கூட்டுறவுக்குக் குத்தகைக்கு விடும், குடும்பங்கள் கூட்டுறவில் பங்கு வாங்கும். கடன் வாங்குவதும் கூட்டுறவே. சின்னத் தீவில் இது வசதி: எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே அடமானம், ஒரே செலவு. ஆபத்தும் அதிலேயே. ஒரு வீட்டின் பாக்கியை மற்றவர்கள் சுமக்க வேண்டும். காலியாகும் வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் தயாராக இல்லாவிட்டால் மூன்றே மாதத்தில் கையிருப்பு கரைந்துவிடும். குடிவரப் போகிறவர்களே தன்னார்வலர்களோடு சேர்ந்து கட்டட வேலை செய்து செலவைக் குறைத்தார்கள்.

காமன் கிரவுண்டின் சுவர்கள் வைக்கோல் கட்டுகளால் ஆனவை. மழையும் ஈரக் காற்றும் உள்ள ஊரில் வைக்கோலா என்று கேட்பது நியாயம். கட்டின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பிடிக்காது. வைப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டிலும் ஈரமானியைக் குத்திப் பார்க்க வேண்டும். முதல் வரிசையைத் தரையில் நேரே வைக்கக் கூடாது, இரண்டு மரச் சட்டங்களைப் பதித்து, நடுவே சரளை நிரப்பி, அதன்மேல் வைத்தால் வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் அடிக்கட்டு நனையாது. பூச்சு களிமண்ணிலோ சுண்ணாம்பிலோ இருக்க வேண்டும். உறுதிக்காகச் சிமென்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் இரண்டு மூன்று மழைக்காலத்தில் உள்ளே கறுத்து மக்கிவிடும். வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. இறவாணம் நீளமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

தீவில் ஆழ்துளைக் கிணறு அதிகமானால் கடல்நீர் உள்ளே ஏறும். அதனால் கூரைத் தண்ணீரைச் சேர்த்துக் கழிப்பறைக்கும் துணி துவைக்கவும் தோட்டத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். மழை மறைவுப் பகுதி என்பதால் ஆண்டு மழை 650 மில்லிமீட்டர் அளவில்தான், சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. 100 சதுர மீட்டர் கூரையில் 15 சதவீதம் வீணானாலும் ஆண்டுக்கு 55,000 லிட்டர் கிடைக்கும். மழை குளிர்காலத்தில், தோட்டத் தேவை வறண்ட கோடையில். ஆகவே தொட்டியைச் சராசரி மழைக்குக் கணக்கிடாமல் கோடையின் மூன்று நான்கு மாதத் தேவைக்குக் கணக்கிட வேண்டும்.

வீடு கட்டும் அறக்கட்டளை ஆட்டிறைச்சி மாட்டிறைச்சி விவகாரத்தில் ஏன் நுழைந்தது? மத்திய அரசு ஆய்வாளர் முன்னிலையில் வெட்டாத இறைச்சியைக் கடைக்கு விற்க முடியாது. தீவில் அப்படி ஒரு கூடம் இல்லை. மாட்டைப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய்த் திரும்பினால் லாபம் படகுக் கட்டணத்தோடு சரி. 2002-இல் லோபஸ் அறக்கட்டளை டிரெய்லர் வண்டியில் நடமாடும் இறைச்சிக் கூடம் ஒன்றை உருவாக்கி ஓட்டத்துக்குக் கொண்டுவந்தது. மத்திய அரசு ஆய்வின் கீழ் வந்த முதல் நடமாடும் கூடம் அமெரிக்காவில் அதுதான். வண்டி பண்ணைக்கு வரும், ஆய்வாளரும் வருவார். வண்டியின் சொந்தக்காரராக அறக்கட்டளை இருந்தது, எடுத்து ஓட்டியது விவசாயிகளின் கூட்டுறவு. உள்ளே குளிர் அறை, வெட்டும் அறை, இயந்திர அறை என்று தடுப்பு. குடலும் கழிவும் பண்ணையிலேயே இருந்துவிடும் என்பதால் மக்கவைக்க ஏற்பாடு முன்பே வேண்டும்: அடியில் இரண்டடி மரச் சிராய், மேலே இரண்டடி. மேல் போர்வை மெலிந்தால் நாய் தோண்டும், நாற்றம் கிளம்பும், அடுத்த வீட்டுக்காரர் புகார் எழுதுவார். விவசாயிக்கு விற்க வழி செய்யாமல் அவர் நிலத்தை மட்டும் காப்பாற்ற முடியாது. ஜார்ஜியாவின் சாலையோரக் கடையும் இந்த வண்டியும் ஒரே வேலையைத்தான் செய்தன.

பண்ணைக் குத்தகை வேறு பத்திரம்

வீட்டுக் குத்தகையை அப்படியே பண்ணைக்கும் எழுதுவது வழக்கமான தவறு. வீட்டில் யாராவது குடியிருந்தால் போதும், பண்ணையில் யாராவது விளைவிக்க வேண்டும். மாசசூசெட்ஸின் எக்ரிமன்ட்டில் உள்ள 17 ஏக்கர் இந்தியன் லைன் பண்ணை இதற்குத் தெளிவான உதாரணம். ஊர்க்காரர்கள் முன்பணம் கட்டி விளைச்சலில் பங்கு பெறும் முறை 1980-களில் அமெரிக்காவில் முதலில் வேர்விட்ட இடங்களில் ஒன்று அது. உரிமையாளர் ராபின் வான்-என் இறந்த பின், ஸ்வானும் சூசன் விட் என்பவரும் 1980-இல் தொடங்கிய தெற்கு பெர்க்‌ஷயர் நில அறக்கட்டளை 1999-இல் நிலத்தை வாங்கியது. அக்கம்பக்கத்துச் சதுப்பு நிலத்தைப் பாதுகாக்க ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, நிலத்தை வேறு விதமாகப் பயன்படுத்தாமல் தடுக்கும் கட்டுப்பாட்டு உரிமைக்குப் பணம் கொடுத்தது. வீடும் கொட்டகையும் விவசாயிகள் வாங்கினார்கள், நிலம் 99 வருடக் குத்தகை.

அந்தக் குத்தகையில் நிலத்தைச் சும்மா போட முடியாது, ஆண்டுதோறும் விற்பனைக்கு விளைந்தாக வேண்டும். மண்ணைக் கெடுக்காத முறை கட்டாயம். விவசாயி விலகும்போது வீடு, கொட்டகையோடு அவர் ஊன்றிய பல்லாண்டுப் பயிருக்கும் திருத்திய மண்ணுக்கும் விலை கிடைக்கும். இந்தக் கடைசி ஷரத்து இல்லாவிட்டால் எந்தக் குத்தகைக்காரரும் தொழுவுரம் அள்ளிப் போடமாட்டார், மரம் நடமாட்டார், நாலு வருடத்தில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு போவார். மண் பரிசோதனையைக் குத்தகை தொடங்கும் மாதத்திலேயே செய்து, எந்தப் பாத்தியில் மண் எடுத்தது, எந்த ஆழத்தில், கரிமச் சத்து எவ்வளவு என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இருபது வருடம் கழித்து ‘மண் தேறியிருக்கிறது’ என்று பேரம் பேச வேறு சான்று இருக்காது.

பண்ணைக் கடனுக்கும் ஒரு வரிசை உண்டு. விதை, உரம், ஆட்கூலிக்கு வாங்கும் கடன் அந்தப் பருவத்து விளைச்சலின் மேல். டிராக்டர், பாசனக் குழாய்க்கு வாங்கும் கடன் அந்தந்தப் பொருளின் மேல். கொட்டகைக்குக் குத்தகை உரிமையின் மேல். அடிமனையின் மேல் எதுவும் கிடையாது, அறக்கட்டளையே கேட்டாலும் கிடையாது. நிர்வாகக் குழு நெருக்கடியில் நிலத்தை ஈடு வைக்கத் துணியும் வருடம் ஒன்று நிச்சயம் வரும். ஆகவே நிலத்தை ஈடு வைக்கக் குழுவின் பெரும்பான்மை போதாது, குத்தகைதாரர்களின் சம்மதமும் வேண்டும் என்று விதியில் முதல் நாளே எழுதி வைப்பவர்கள் புத்திசாலிகள்.

நியூ கம்யூனிட்டீஸ் 2011-இல் திரும்ப நிலம் வாங்கியது. ஆல்பனிக்கு அருகே சைப்ரஸ் பாண்ட், 1,638 ஏக்கர், ஒரு காலத்தில் அடிமைகளை வைத்து நடந்த தோட்டம், பீக்கன் மரங்களோடு. இப்போது அதன் பெயர் ரெசோரா. இம்முறை வாங்கியது 1985-இல் போன நிலத்துக்கு வந்த இழப்பீட்டுப் பணத்தில்.